கீழ்த்தட்டில் இருக்கும் ஒற்றை ஷூ

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். நம் தோல் ஆலைப் பரிசோதனைக்கூடத்தில் சாம்பிள் அலமாரியின் கீழ்த்தட்டு. மூலையில் குழந்தை போடுகிற கறுப்புப் பள்ளிக்கூட ஷூ ஒன்று, இடது கால் மட்டும். லேஸுக்குக் கீழே இருக்கும் அதன் நாக்கின் உட்பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டி எடுத்திருக்கிறது. கீழே எழுதியிருந்தீர்கள்: "மேடம், லாட் நம்பர் இல்ல, அட்டை இல்ல. அடுத்த வாரம் ஆடிட். தூக்கிப் போட்டுடலாமா?"

தூக்கிப் போடாதீர்கள். இதைச் சொல்ல ஒரு வரி போதும்தான். ஆனால் ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்பதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும். ஆலை வாசலில் 'நாம் உலகக் குடிமக்கள்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறதே, தினமும் அதன் கீழேதான் நுழைகிறீர்கள். அந்தப் பலகைக்கும் இந்த ஷூவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. பலகை வந்தபோது நான் கைதட்டினேன். ஷூ வந்தபோது வாயடைத்துப் போனேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். சிறுமை பின்னால் வரும்.

ஆம்பூரில் நம் கூடத்தில் நான் பொறுப்பில் இருந்த கடைசி வருடங்களில் ஒரு நாள், ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய குழந்தை ஷூக்களுக்கான உள்தோல் லாட் ஒன்று பரிசோதனைக்கு வந்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் தன்னளவில் சாதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். சூடோ, வெயிலோ, ஆகாத எண்ணெயோ சேர்ந்தால் அதில் ஒரு சிறு பங்கு குணம் மாறிவிடும். மாறியது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கொப்புளிக்கும். குடுவையில் மருந்தை ஊற்றினால் ஊதா நிறமாகக் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்குக் குடுவை நல்ல ஊதாவாக இருந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் ஊதா.

கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் ஃபேக்டரி மேனேஜர் கூடத்துக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. கப்பல் தேதியையும் ஆட்களின் சம்பள நாளையும் தலையில் சுமந்துகொண்டு திரிகிற மனிதர். "கொஞ்சூண்டு ஜாஸ்திதானேம்மா. இன்னொரு தோலுல எடுத்துப் பாரு, கம்மியா வரும்" என்றார். "வரலாம் சார். ஆனா இதுல வந்ததை நான் பார்த்துட்டேனே" என்றேன். அந்தப் பக்கம் யார் காலிலோ ஏறப் போகிற தோல், அந்தக் குழந்தையின் முகம் எனக்குத் தெரியாது, அதற்காகப் பொய் எழுத முடியாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நான் முன்கோபி. அன்றைக்கு அது நல்ல காரியத்துக்கு உதவியது. லாட் நின்றது. முதலாளியும் என் பக்கம் நின்றார்.

செய்தி எப்படியோ வாங்குகிற கம்பெனிக்குப் போயிற்று. அவர்கள் ரொம்ப மெச்சிக் கடிதம் எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து ஓர் அம்மையார் வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவராம், இப்போது அந்தக் கம்பெனியில் இந்த மாதிரிப் பொறுப்புகளைப் பார்ப்பவர். எளிமையான பெண்மணி. பருத்திச் சட்டை, தோளில் துணிப்பை, கேன்டீன் தயிர்சாதத்தை ஊறுகாயோடு ரசித்துச் சாப்பிட்டார். வாசல் பலகையைத் திறந்து வைத்துவிட்டு, சூப்பர்வைசர்கள் எல்லோரையும் பயிற்சி அறையில் உட்கார வைத்துப் பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும், எங்கள் ஆட்கள் தமிழில் கேட்பதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை.

எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் உலகம்தான் என் ஊர் என்று பதில் சொன்ன பழங்காலத்து ஞானி ஒருவரைப் பற்றி முதலில் சொன்னார். பிறகு வெள்ளைப் பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார். நடுவில் நாம். அடுத்த வட்டம் குடும்பம். அதற்கடுத்தது ஊர். பிறகு நாடு. கடைசியில், பலகையின் ஓரத்தைத் தொடுகிற அளவுக்கு, உலகம். வெளியே இருக்கிறவர்களை ஒவ்வொரு வட்டமாக உள்ளே இழுப்பதுதான் மனிதனாக வாழ்வது, கடைசி வட்டத்தில் இருக்கிற குழந்தையை உங்கள் பரிசோதனைக்கூடம் நடு வட்டத்துக்கே இழுத்துவிட்டது என்று சொல்லி என்னைப் பார்த்தார். கைதட்டல். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒரு பழமொழியை எடுத்துவிட்டேன். அதையும் நானே ஆங்கிலத்தில் சொல்லிக் கொண்டேன். அம்மையார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் செலக்ஷன் பிரிவுக்காரர், நாங்கள் எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவர், கை தூக்கினார்.

அவரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சேர்வதற்குள் போய்விட்டார். பதனிட்டு வந்த தோலைக் கையால் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்கிற பிரிவுக்குத் தலைவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பட்டத்தோடு சேர்ந்தேன், அவர் கையோடு சேர்ந்தார். அவர் மஞ்சள் கிரேயானால் போடுகிற குறி எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறது. அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது.

"மேடம், அவங்களாண்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்றார். "இதுல நம்ம பேரணாம்பட்டு எந்த வட்டம்?"

பேரணாம்பட்டு பக்கத்து ஊர் என்று சொல்லிக் கேட்டேன். அம்மையார் மூன்றாவது வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சரி. அந்த வெளிநாட்டுப் பாப்பா கடைசி வட்டம். அதுக்கு ஆகாதுன்னு நிறுத்துனோமே அந்தத் தோலு, அது நாளன்னைக்குப் பேரணாம்பட்டுக்குப் போவுது. அங்க ஸ்கூல் ஷூவுக்கு உள்ள வெச்சுத் தைக்கறாங்க. கடைசி வட்டத்துக்கு ஆகாதது மூணாவது வட்டத்துக்கு எப்பிடி ஆகும்னு கேளுங்க."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். அம்மையார் சிரித்த முகத்தோடு என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். கேடயம் என் மடியில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்முடைய இந்த நல்ல முயற்சிகளால் உள்ளூர் மக்களுக்கும் நன்மை உண்டா என்று கேட்கிறார்" என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அம்மையார் முகம் மலர்ந்து, நிச்சயம் உண்டு, ஒரு இடத்தில் செய்யும் நன்மை எல்லா வட்டங்களிலும் பரவும் என்று அழகாக ஒரு பதில் சொன்னார். அதைத் தமிழில் பாயிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தோல் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஏற்றுமதிக்கு ஆகாத லாட்டுகளின் தாளில் 'உள்ளூர் விற்பனை – பரிசோதனை தேவையில்லை' என்ற முத்திரையைக் குத்துவதே நான்தான். வருடக்கணக்காகக் குத்தியிருக்கிறேன். உள்ளூரில் யாரும் அந்தச் சான்றைக் கேட்டதில்லை. கேட்காதவருக்கு எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். சாம்பிள் அட்டையில் 'செல்லும் நாடு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, உள்ளூர் லாட்டுக்கு அதில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அது எங்கேயும் போகவில்லை, யார் காலிலும் ஏறவில்லை என்பது போல.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பாய் கூடத்துக்கு வந்தார். நான் எதிரியை எதிர்பார்க்கிற மாதிரி எழுந்து நின்றேன்.

"நான் கேட்டது வேற, நீங்க சொன்னது வேற மேடம்" என்றார் நிதானமாக.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா இங்கிலீஷ்ல திட்டு வாங்கியிருக்கேன். இது கூடவா புரியாது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவளுக்கு வருகிற கோபம் ஒன்று இருக்கிறது, அது. "எல்லார் முன்னாடியும் கேட்டா நான் இன்னா பண்றது பாய்? அவங்க முன்னாடி நம்ம கம்பெனி மானம் போகணுமா? என்னை மாட்டிவிடணும்னே கேட்டீங்களா?"

"அய்யோ, இல்ல மேடம். எனக்கு நெசமாவே தெரியல, அதான் கேட்டேன். அந்தம்மா இதையே படிச்சவங்களாம். இதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்கன்னு பார்த்தேன்."

அவர் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லோரிலும் அந்த அம்மையாரின் பேச்சை மெய்யாகவே காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவர் அந்த வட்டங்களை நம்பினார். நம்பியதால் கேட்டார்.

"வியாழக்கிழமை வண்டி வருது. கேட் பாஸ்ல நான் கையெழுத்துப் போடல" என்றார். "அத முடிவு பண்ணிட்டேன்."

"வேலை போய்டும் பாய்."

"போவலாம். போவாமயும் இருக்கலாம். சின்னப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல, அதான் கொஞ்சம் பயமா இருக்குது." அதை மறைக்காமல் சொன்னார். "உங்கள முத்திரை போடாதீங்கன்னு சொல்ல வரல. அது உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்த ரிப்போர்ட்ட தமிழ்ல எழுதிக் குடுங்க. வாங்கறவருக்கு இங்கிலீஷ் வராது. படிச்சுப் பார்த்துட்டு எடுத்துனு போனா அது அவரு பாடு. படிக்காம எடுத்துனு போனா அது நம்ப பாடு."

ஒரே ஒரு தாள். வேதியியலில் பட்டமேற்படிப்பு முடித்தவளுக்கு அதிலென்ன கஷ்டம் என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஆங்கில ரிப்போர்ட்டில் இருந்த வாசகம், 'வாங்குபவரின் தேவைக்கு இணங்கவில்லை.' அப்படியே தமிழில் எழுதிப் பார்த்தேன். அதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. யாரோ ஒருவரின் தேவை, எதற்கோ இணங்கவில்லை, நமக்கென்ன என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இத்தனை வருடங்கள் நான் எழுதிய ரிப்போர்ட்டுகள் எவ்வளவு சாமர்த்தியமாக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கின்றன என்பது தாய்மொழியில் எழுதும்போதுதான் தெரிந்தது. கிழித்துப் போட்டேன். என் அக்கா அந்தத் தோலை வாங்க வந்து நின்றால் அவளிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பிறகு மூன்று வரி வந்தது.

'இந்தத் தோலில் சருமத்தை அரிக்கக்கூடிய பொருள் அளவுக்கு மேல் இருக்கிறது. குழந்தைகள் போடும் ஷூவின் உள்ளே இதை வைக்கக் கூடாது. இதே காரணத்துக்காகத்தான் இதை நாங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை.'

மூன்றாவது வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று. எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடத்தின் சீலையும் வைத்தேன். உள்ளூர் விற்பனை முத்திரையை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னாம்மா புதுப் பேஜாரு?" என்றார். "சட்டம் கேக்குதா? வாங்கறவன் கேக்கறானா? இவ்ளோ வருஷமா நம்ம ஊருப் பசங்க போட்டுனுதான் இருக்குதுங்க. ஒண்ணும் ஆவல. அப்ப அந்த வெளிநாட்டுக்காரங்கதான் சும்மா பயப்படறாங்கன்னு ஆவுது இல்ல? அடுத்த தபா அவங்களுக்கும் அனுப்பிட வேண்டியதுதான்."

சாமர்த்தியமான வாதம். பாய்தான் சொன்னார்: "அந்தப் பாப்பா இன்னா சார் தப்பு பண்ணுச்சு? அதுக்குக் கம்மி பண்ணுங்கன்னு நான் சொல்லல. இதுக்கும் அதே குடுங்கன்றேன். கால் கால்தானே சார்."

இந்த வாக்கியத்தை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி யாராவது பேசினால், உடனே வெளிநாட்டுக்காரனுக்கு எதற்கு இவ்வளவு என்று சிலர் கிளம்புவார்கள். உலகம் உலகம் என்று பேசுகிறவர்களோ பக்கத்துத் தெருவை மறந்துவிடுவார்கள். பாய் இரண்டு பேரோடும் சேரவில்லை. தூரத்துக் குழந்தையிடமிருந்து ஒரு துளியும் பிடுங்காமல் பக்கத்துக் குழந்தைக்குக் கேட்டார். புத்தகங்களில் இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் இருக்கின்றன. நான் பிறகு தேடிப் படித்தேன். அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

மேனேஜர் பாயை அன்றைக்கே செலக்ஷனிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். தோலைத் தொட்டுப் பார்த்தே வாழ்ந்த மனிதரை ஆணியும் நூல்கண்டும் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கேட் பாஸில் மேனேஜரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். என் தாளை மட்டும் விட்டுவிட்டார். "வெச்சு அனுப்பு. அவன் எங்க படிக்கப் போறான்" என்றார்.

வியாழக்கிழமை பேரணாம்பட்டுக்காரர் குட்டி யானை சரக்கு வண்டியோடு வந்தார். ஒரு காலத்தில் இதே ஊரில் ஷூ தைத்துக்கொண்டிருந்தவர். சொந்தமாக நாலைந்து மெஷின் போட்டு, சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஷூ செய்து கொடுக்கிறார். தாளை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். உதடு அசைய, வண்டியில் சாய்ந்துகொண்டு, இரண்டு தரம் படித்தார்.

"தமிழ்ல எழுதிருக்கீங்க" என்றார்.

"ஆமா."

"இதுக்கு முன்னாடி எடுத்துனு போனேனே மேடம். அதுக்கெல்லாம் இந்தத் தாளு குடுக்கலயே. அதெல்லாம் நல்லா இருந்துச்சா, இல்ல தாளு மட்டும்தான் இல்லையா?"

ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆடிட்டர்கள் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் நான் தடுமாறியதில்லை. பேரணாம்பட்டுக்காரர் கேட்ட இந்தக் கேள்விக்குத் தடுமாறினேன். என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. அவர் என் முகத்திலேயே படித்துக்கொண்டார் போலிருக்கிறது.

"என் பொண்ணு அதத்தான் போட்டுனு போவுது" என்றார். வண்டியில் ஒரு தோலும் ஏற்றவில்லை. வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலிலேயே பாலிஷ் போட்டுக் காயவைத்த ஷூக்கள் இருந்தன. அவர் மகள் நிவேதா அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். தன் ஷூவின் உள்ளே 'நி. 4-பி' என்று நீல மையில் எழுதி வைத்திருந்தாள். அவள் கணுக்காலுக்குக் கீழே தடித்துச் சிவந்து, சொறிந்த தடம் இருந்தது. வேர்வையால் என்று நினைத்து அவள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம். நான் டாக்டர் இல்லை. அது இதனால்தான் வந்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்த பிறகு என்னால் அந்த வீட்டில் காபி குடிக்க முடியவில்லை.

ஒரு ஷூவை மட்டும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். நிவேதா யோசித்தாள்.

"எப்போ திருப்பிக் குடுப்பீங்க ஆன்ட்டி? நாளைக்கு ஸ்கூலு. செருப்பு போட்டுனு போனா பி.டி. மாஸ்டர் வெளிய நிக்க வெச்சிடுவாரு."

"காலையில நானே வந்துடறேன்" என்றேன். ஷூவின் நாக்கை வெட்டப் போகிறேன் என்பதைச் சொல்ல மனம் வரவில்லை.

அவள் ஷூவைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ஊருப் பசங்களுக்கு இது வேணாம்னு சொல்லிட்டாங்களாமே. எங்கள ஏன் யாரும் கேக்கல?"

அவள் அப்பா அதட்டினார். அதட்டாதீர்கள் என்று சொன்னேன்.

கூடத்தைத் திறந்து அன்றைக்கே செய்து பார்த்தேன். குடுவை ஊதாவாயிற்று. என் கேடயம் எதிர் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தேன், சரி. தன் பிள்ளை தானே வளரவில்லை. நான்தான் அதை உட்கார்த்தி அரிப்பை ஊட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் அழுதேன். அழுதுவிட்டு, பழைய லாட்டுகளின் எடுத்து வைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கினேன். எல்லாம் கெட்டவை இல்லை. கெட்டவையும் இருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு தாள் எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பாய் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பேரணாம்பட்டுக்காரரும் நாங்களுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். தலைமையாசிரியைக்குத் தாளைப் படித்துக் காட்டினேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் செருப்போடு வரலாம் என்று பி.டி. மாஸ்டரிடம் சொன்னார். வாசலில் விட்டுப் போக வந்த பெற்றோர்கள் கேட்டதை எல்லாம் நான் இங்கே எழுதவில்லை. கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. அத்தனையையும் பாய் கை கட்டி நின்று கேட்டுக்கொண்டார். அவருக்கு அதில் பங்கு இல்லை என்று நான் சொல்லப் போனபோது தடுத்துவிட்டார். "நானும் இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டவன்தானே மேடம்" என்றார்.

முதலாளிக்கு நாங்கள் சொல்வதற்குள் செய்தி போய்விட்டது. வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டுதான் அவர் அறைக்குள் போனோம். அவர் எல்லாத் தாளையும் படித்தார். பிறகு, ஏற்றுமதிக்கு வைத்திருந்த நல்ல உள்தோலை எடுத்துப் பேரணாம்பட்டுக்கு அனுப்பு, அந்தப் பள்ளிக்கூடத்து ஷூ எல்லாவற்றையும் புதிதாகத் தைக்கச் சொல் என்று மேனேஜரிடம் சொன்னார். பாயிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் செலக்ஷனுக்குத் திரும்ப அனுப்பினார்கள். அவர் பழைய ஜன்னலோரம் போய், முந்தின நாள் விட்டுப்போனவர் மாதிரி முதல் தோலை எடுத்துத் தடவினார்.

எனக்கு இன்னொரு பாக்கி இருந்தது. அந்த அம்மையாருக்கு ஒரு மெயில் எழுதினேன். அன்றைக்கு நான் மொழிபெயர்த்தது பொய், அவர் கேட்டது இதுதான் என்று பாயின் கேள்வியை வார்த்தை பிசகாமல் எழுதி அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது. 'எங்களுக்கு வேண்டாம் என்று மட்டும்தான் இதுவரை நாங்கள் சொல்லியிருக்கிறோம். பிறகு அது எங்கே போகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை. நான் வரைந்த வட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அவரிடம் சொல்லுங்கள், என்னிடம் பதில் இல்லை' என்று எழுதியிருந்தார். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடியது. அவர்களுக்கு ஆகாது என்று நிறுத்திய தோல் வேறு யாருடைய காலுக்கும் போகக் கூடாது என்று. அந்தப் பெண்மணி மீது எனக்கு மதிப்பு கூடிய நாள் அது. பாயிடம் மெயிலைப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றாமல். "தெரியலன்னு சொன்னாங்க பாருங்க, அவங்க படிச்சவங்க" என்றார்.

உலகக் குடிமக்கள் என்றால் தூரத்தை நேசிக்கிறவர்கள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். தூரத்தை நேசிப்பது லேசு. தூரம் கடிதம் எழுதும், ஆடிட் அனுப்பும், கேடயம் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் கேட்க மாட்டார், வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததை வாங்கிப் போவார். கேட்காதவருக்கும் அதே அளவுகோலை எடுத்தால்தான் அந்தப் பலகையின் கீழே நாம் நிமிர்ந்து நுழைய முடியும். உங்கள் வேலையில் உங்களை நெருக்கப் போவது கப்பல் தேதி இல்லை. அதற்கு எதிராக நிற்க ஆயிரம் பேர் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யாரும் கேட்காதபோது வாய் திறப்பதுதான் கஷ்டம். உள்ளூர் லாட்டுகளுக்கு இப்போது நீங்கள் எழுதும் தமிழ்த் தாள் அங்கிருந்து வந்தது. அதைச் சலிப்போடு எழுதாதீர்கள்.

நிவேதாவுக்குப் புது ஷூ வந்துவிட்டது. அவள் காலும் ஆறிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த ஒற்றை ஷூவை நான் தரவே இல்லை. நாக்கு வெட்டிய ஷூவை எப்படித் தருவது? அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. அதனால்தான் அதை வைத்திருக்கிறேன்.

ஆடிட்டுக்கு அட்டை இல்லாமல் ஒரு சாம்பிளும் இருக்கக் கூடாது என்பது சரிதான். ஓர் அட்டை எழுதிக் கட்டுங்கள். லாட் எண் தெரியாது என்றே எழுதுங்கள். முடிவு என்ற இடத்தில், ஆகாது. 'செல்லும் நாடு' என்று ஒரு கட்டம் வரும். கோடு போட்டுவிடாதீர்கள். அதில் பேரணாம்பட்டு என்று எழுதுங்கள்.